ஏழு நிறுவனங்களுக்கு ஒரே கணக்கு

எண்ணெய் பூமிக்கடியில் ஏரியாகத் தேங்கிக் கிடப்பதன்று. மணற்பாறையின் நுண்துளைகளில் தங்கி, அழுத்தம் தள்ளும் திசையில் மெல்ல நகர்வது. அந்த நகர்ச்சிக்குரிய விதியை 1856-இல் வெளியிட்ட ஆன்றி டார்சி எண்ணெயைக் கருதியவரல்லர். பிரான்சு தேசத்து டிஜோன் நகரின் குடிநீருக்காக உழைத்த அவர், மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து கண்ட நியதியே பிற்கால எண்ணெய்க் கணிதம் அனைத்துக்கும் அஸ்திவாரமாயிற்று.

அந்தக் கணிதத்தைச் செய்து முடிக்கும் சாதனம் வெகுகாலம் வாய்க்கவில்லை. 1943-இல் வில்லியம் புரூஸ், மின்னழுத்தத்தைப் பாறையின் அழுத்தத்துக்கும் மின்னோட்டத்தைத் திரவ ஓட்டத்துக்கும் பிரதிநிதியாக நிறுத்தி, மின்தடைகளாலும் மின்தேக்கிகளாலும் ஒரு கருவியை விவரித்தார். 1955-இல் ஹம்பிள் எண்ணெய்க் கம்பெனியைச் சேர்ந்த பீஸ்மன், ராக்ஃபோர்டு இருவரும், நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு முறை கிடைவரிசையாகவும் மறுமுறை நெடுவரிசையாகவும் கணக்கிடும் மார்க்கத்தை வெளியிட்டனர். கணிப்பொறிக்கு இத்துறையின் கதவு அதனால் அகலத் திறந்தது.

பின்னர் பெரிய நிறுவனங்கள் தத்தமக்கென மென்பொருள் எழுதிக்கொண்டன. சில விற்பனைக்கும் வந்தன. எதை நம்பிப் பெரும் பொருளைச் செலவிடுவது என்ற வினாவுக்கு, மோபில் நிறுவனத்து அசீஸ் ஓடே 1981-இல் வெளியிட்ட ஒப்பீடு அளித்த விடையை இத்தொழிலின் மிக உயர்ந்த மரபுகளுள் ஒன்றென்றே மதிக்கிறேன். நீளத்தில் 10, அகலத்தில் 10, ஆழத்தில் 3 என 300 கட்டங்கள். ஒரு மூலையில் வாயுவைச் செலுத்தும் கிணறு, எதிர்மூலையில் எண்ணெய் தரும் கிணறு. சந்தையில் போட்டியிட்டோரும் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் இவ்வொரே கணக்கைத் தத்தம் முறையில் செய்து, விடைகளை அருகருகே அச்சிட இசைந்தன. விடைகள் பெரும்பாலும் ஒத்திருந்தன என்பதைக் காட்டிலும், வேறுபட்ட இடங்களையும் மறையாது வைத்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அம்மரபு தொடர்ந்தது. அழுத்தம் குறையுங்கால் வாயுவிலிருந்து திரவம் பிரியும் தேக்கங்களுக்கும், நீராவி செலுத்தி இளக்கவேண்டிய கனத்த எண்ணெய்க்கும் 1987-இல் தனித்தனிக் கணக்குகள் வெளிவந்தன. சாதாரண எண்ணெய்க்குப் போதிய மென்பொருள் இவற்றுக்குப் போதாதென்பதும், தேக்கத்தின் இயல்பை முதலில் அறிந்து பிறகே மென்பொருளைத் தெரிந்தெடுக்க வேண்டுமென்பதும் இவற்றால் துலக்கமாயின. 2001-இல் வந்த பத்தாவது ஒப்பீட்டிலோ 11,22,000 கட்டங்கள். அத்தனை நுட்பத்தை எவ்வாறு சுருக்கினால் உண்மை சிதையாது என்பதே அங்கே பிரதானப் பிரச்சினை.

ஆயினும் இவ்வொப்பீடுகள் சமன்பாடுகளை மென்பொருள் சரியாகத் தீர்க்கிறதா என்பதையே சோதித்தன. பாறையைப் பற்றி நாம் கொடுக்கும் விவரம் மெய்யா என்பதை அன்று. கிணறுகளுக்கு இடைப்பட்ட பாறையை நேரே கண்டவர் எவருமிலர். கடந்தகால உற்பத்தியோடு பொருந்தும்படி ஒரு மாதிரியைத் திருத்தியமைத்தாலும், அதே வரலாற்றுக்கு அதே அளவு பொருந்தி, வருங்காலத்தை வேறாகக் கூறும் மாதிரிகள் பல இருக்கக்கூடும். அனுபவமிக்க பொறியியலார் ஒரே மாதிரியோடு நில்லாமல் பலவற்றை ஓட்டிப் பார்த்து, அவை தரும் விடைகளின் வீச்சையும் நிர்வாகத்தின் முன் வைப்பது அதனால்தான்.