டிக்கி இல்லாத வண்டி: ஒரு வேக எஸ்டேட்டின் கதை

எங்கள் குறிஞ்சிப்பாடி வீட்டு வாசலில் நிற்கிற வண்டியைப் பார்த்து ஊர்க்காரர்கள் இதுவரை மூன்று கேள்விகள்தான் கேட்டிருக்கிறார்கள். "ஆம்புலன்ஸா தம்பி?" "வாடகைக்கு வருமா?" அப்புறம் கொஞ்சம் விவரமானவர்கள், "பலேனோதானே இது, பின்னாடி யார் வெட்டி ஒட்டினது?" யாரும் வெட்டி ஒட்டலை சாமி. மாருதி கம்பெனியே அப்படித்தான் செய்து விற்றது. பேர் பலேனோ ஆல்ட்டுரா. 2002 மாடல், டி.என்.31 நம்பர். (பலேனோ என்றதும் இப்ப ரோட்டில் ஓடுகிற ஹேட்ச்பேக்கை நினைச்சுக்காதீங்க. அது 2015-ல் பழைய பேரைத் தூசி தட்டி வேற வண்டிக்கு வைத்தது.)

2009-ல் பெரியப்பா இதை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அவருக்குக் கைலி வியாபாரம். எங்க ஊரில் தறிச்சத்தம் கேட்காத தெருவில் வளர்ந்தவன் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம். காலையில் பின் சீட்டை மடக்கிப் போட்டுக் கைலி பண்டலை ஏத்திக்கிட்டுக் கடலூர் போவார். சாயங்காலம் அதே சீட்டை நிமிர்த்திக் குடும்பத்தோடு சிதம்பரம் கோயில். இடையில் குள்ளஞ்சாவடி ரோட்டில் எந்த வண்டியும் அவரை ஓவர்டேக் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சரக்கு, குடும்பம், வேகம் மூணும் ஒரே வண்டியில். இப்ப அந்த வண்டியைப் பார்த்துக்கிற பொறுப்பு என்னுது. வார நாளில் பெங்களூரில் பொட்டி தட்டுறேன், மாசத்துக்கு ரெண்டு சனி ஞாயிறு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறேன். அப்படிப் படுத்துக் கிடந்தபோது தோணினதுதான் இந்தப் பதிவு: இவ்வளவு பொருத்தமான வண்டி ஏன் நம்ம நாட்டில் நிலைக்கவே இல்லை?

எஸ்டேட் கார் என்றால் நமக்கு வால்பாறையும் நீலகிரியும் இலங்கை மலையகமும் ஞாபகம் வரும். தேயிலை எஸ்டேட் துரை வண்டியோ என்று. பிறப்பும் கிட்டத்தட்ட அந்த வகைதான். இங்கிலாந்தின் பெரிய நிலக்கிழார்கள் துப்பாக்கி, வேட்டை நாய், சுட்ட பறவை எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போக மர உடம்பு கட்டின வண்டிகள். அமெரிக்காவில் ரயிலடிக்குப் போய் ஆளையும் பெட்டியையும் அள்ளி வர வைத்திருந்ததால் அங்கே ஸ்டேஷன் வேகன். ஆக, பணக்கார வீட்டு வேலைக்கார வண்டி. நம்மூரில் அம்பாசிடரிலும் எஸ்டேட் வந்தது. ஆனால் ஜனங்கள் அந்த உருவத்தை அதிகம் பார்த்தது ஆம்புலன்ஸாகத்தான். அந்த முதல் கேள்வி சும்மா வரலை.

இதில் வேகம் எங்கே வந்தது? இங்கதான் நம்ம மெட்ராஸ் உள்ளே வருது. கதையிலேயே எனக்குப் பிடித்த இடமும் இதுதான், கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கோங்க.

1976-ல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்.டி.1 என்று ஒரு கார் வந்தது. டேவிட் பாஷ் வரைந்தது, முகத்தில் ஃபெராரி டேட்டோனா சாயல். உள்ளே மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின், 155 குதிரைத்திறன். பின்னால் சாய்ந்து இறங்கும் கூரையோடு அப்படியே மேலே தூக்கித் திறக்கிற பெரிய அஞ்சாவது கதவு. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது. அந்த ஊர் போலீஸுக்கு ரொம்பப் பிடித்த வண்டி. இதில் எஸ்டேட் ஒன்று செய்யவும் திட்டம் போட்டார்கள். ரெண்டு மாதிரி வண்டிகள் தயாராயின. அதில் ஒன்றைக் கம்பெனியின் தலைவராக இருந்த மைக்கேல் எட்வர்ட்ஸே ஓட்டிக்கொண்டிருந்தார். ரெண்டும் இன்று இங்கிலாந்து மியூசியங்களில் நிற்கின்றன. விற்பனைக்கு வரவே இல்லை.

எஸ்டேட் வரலை, ஆனால் எஸ்.டி.1 வந்தது. நம்ம வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனிக்கு. ஹெரால்டும் கெஸலும் செய்த அதே கம்பெனி. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பேரில் அதே ரோவர் உடம்பை இறக்கினார்கள். உடம்பு மட்டும்தான். இன்ஜின், 1940-களின் கடைசியில் பிறந்த வேன்கார்டு இன்ஜினின் வாரிசு. ரெண்டு லிட்டர், எண்பத்து சொச்சம் குதிரைத்திறன். நம்ம ரோட்டுக்காக அடிப்பாகத்தையும் உயர்த்தினார்கள். ஓட்டப்பந்தய வீரன் உடம்பில் தாத்தாவின் நுரையீரலை வைத்த மாதிரி. விலையோ அந்தக் காலத்து உச்சம். 1988-ல் கடையை மூடிட்டாங்க.

மீந்து கிடந்த உதிரி பாகங்களை ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் கடைக்காரர்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள். 1986-லேயே அங்கே எஸ்.டி.1 உற்பத்தி நின்றாச்சு. அங்கே வண்டியைச் செல்லமாக வளர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மெட்ராஸ் பொருள் வரப்பிரசாதம். இங்கே ஸ்டாண்டர்ட் 2000 வாங்கினவங்க கதி? அவங்க வண்டிக்கான கண்ணாடியும் கதவும் கப்பலேறிப் போச்சு. ஒரு கார் கம்பெனி மூடுவது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற சம்பவம் எனக்குத் தெரியலை.

அந்த ரோவரை ஐரோப்பா முழுக்க ரேஸில் ஓட்டிப் பேர் வாங்கிக் கொடுத்தவர் டாம் வாக்கின்ஷா. அதே ஆள்தான் 1994-ல் பிரிட்டிஷ் டூரிங் கார் போட்டிக்கு வால்வோ 850 எஸ்டேட்டைக் கொண்டு வந்து நிறுத்தினார். ரிக்கார்ட் ரைடெல், யான் லாமர்ஸ் ரெண்டு பேர் ஓட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். இவங்களும் சளைக்காம, ஒரு ரவுண்டு சும்மா சுத்திக் காட்டும்போது பொம்மை நாயைப் பின்னாடி உட்கார வைத்துக்கொண்டு போனார்கள் :-) ஜெயிக்கலை, அஞ்சாவது இடம்தான் அதிகபட்சம். ஆனால் காய்கறி வாங்கப் போகிற வண்டி ரேஸ் வண்டிகளோடு முட்டி மோதுவதை ஜனங்கள் டிவியில் பார்த்துவிட்டார்கள். அதே 1994-ல்தான் ஆடி ஆர்.எஸ்.2 அவாண்ட்டும் வந்தது. போர்ஷே கை வைத்துக் கட்டிக் கொடுத்த எஸ்டேட், ரெண்டே கால் லிட்டருக்கும் குறைவான அஞ்சு சிலிண்டர் டர்போ, 315 குதிரைத்திறன். செய்தது மூவாயிரத்துக்கும் கீழே. அன்றைக்கு நம்ம ஊரில் வேகமான வண்டி என்றால் மாருதி எஸ்டீம். 65 குதிரை!

நம்ம டாட்டாவும் 1992-ல் பேரே எஸ்டேட் என்று ஒரு வண்டி விட்டார்கள். கம்பீரமா இருக்கும், ஆனால் டீசல், நிதானமான ஆசாமி. ஓபல் கோர்ஸா ஸ்விங், ஃபியட் வீக்கெண்ட், 2004-ல் இண்டிகோ மரீனா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று வரிசையாக வந்தார்கள், வரிசையாகப் போனார்கள்.

அந்த வரிசையில் ஆல்ட்டுராவை நான் தனியாக வைப்பது சொந்த வண்டி பாசத்தால் மட்டும் இல்லை. ஜி16பி என்ற 1590 சிசி இன்ஜின், 16 வால்வு, சுமார் 95 குதிரைத்திறன். வண்டி எடை ஒரு டன்னை ஒட்டி. ஜெர்மன்காரன் கணக்கில் இது ஒண்ணுமே இல்லை. அம்பாசிடர் ஐம்பது சொச்சம் குதிரையில் ஊரை ஆண்ட நாட்டில் இது பெரிய விஷயம். பலேனோ இன்ஜினைப் பிடுங்கி எஸ்டீமிலும் ஜிப்ஸியிலும் போட்டுக்கொண்டு ஓட்டினவங்க நிறைய. அந்த இன்ஜின், எஸ்டேட் உடம்பு, ரெண்டும் சேர்ந்து நம்ம ரோட்டுக்கு வந்தது. ஸ்டாண்டர்ட் 2000-க்குக் கிடைக்காத ஜோடிப்பொருத்தம்.

ஆனாலும் விற்கலை. டிக்கி இல்லையே! நம்ம மக்களுக்குக் கார் என்றால் பின்னாடி ஒரு பெட்டி நீட்டிக்கொண்டு இருக்கணும். அதுதான் அந்தஸ்து. சரக்கும் மனுஷனும் ஒரே கூரைக்குள் இருந்தால் அது டெம்போ. பெரியப்பா மாதிரி ஆளுக்கு அது வசதி, மாப்பிள்ளை அழைப்புக்கு அது கேவலம்.

மிச்சத்தை டெல்லி பார்த்துக்கிச்சு. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் இருக்கிற சின்ன இன்ஜின் கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தார்கள். பெட்ரோல் என்றால் 1200 சிசி வரை, டீசல் 1500. எஸ்டேட்டுக்கு நீளம்தான் உயிர், ஆல்ட்டுராவும் நாலு மீட்டரைத் தாண்டும். கம்பெனிகள் என்ன செய்தார்கள்? 2008-ல் இண்டிகோ சி.எஸ்., 2012-ல் ஸ்விஃப்ட் டிசையர் என்று டிக்கியை நறுக்கி நாலு மீட்டருக்குள் அடக்கினார்கள். கவனிச்சீங்களா, டிக்கியைக் குட்டையாக்கினார்களே தவிர எடுக்கலை! அந்த நாலு மீட்டர் கோடு இன்னும் அழியவில்லை. 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40.

சரி, வரலாறு போதும். இந்த வண்டியை வைத்திருப்பது எப்படி இருக்கும்?

ஒரே வரியில்: முன்பாதிக்கு சொந்தபந்தம் உண்டு, பின்பாதி அநாதை. இன்ஜின், கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் எல்லாம் சாதா பலேனோவோடு பொது. 2007-ல் எஸ்.எக்ஸ்.4 வந்து பலேனோவை அனுப்பி வைத்த பிறகும் அவை கிடைத்தன. இதே இன்ஜின் குடும்பம் வெளிநாட்டு விட்டாராவிலும் ஓடியதால் டைமிங் பெல்ட், சீல் வகையறா இன்றும் வரவழைக்கலாம். பின் கதவுக்குப் பின்னால் இருக்கிறது எல்லாம் ஆல்ட்டுராவுக்கு மட்டுமே. பக்கக் கண்ணாடி, தூக்குக் கதவு, அதன் கண்ணாடி, விளக்கு. விற்றதே கொஞ்சம், அதனால் காயலான் கடைக்கு வந்ததும் கொஞ்சம்.

இதை எங்களுக்குக் கத்துக் கொடுத்தது தானே புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலை. கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அன்று எங்க தெருவில் ஒரு புளியமரக் கிளை வண்டியின் பின்கண்ணாடி மேல் விழுந்தது. முன்னாடி ஒரு கீறல் இல்லை. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் கண்ணாடி இருந்த இடத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, பெரியப்பா தண்ணி கேனும் மெழுகுவத்தியும் அரிசி மூட்டையுமாகச் சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஓட்டினார். அந்த மாதம் யாரும் அதை டெம்போ என்று கிண்டல் பண்ணலை. ஷோரூமில் கேட்டதற்கு "அந்த மாடலே எங்க கம்ப்யூட்டர்ல இல்லையே சார்" என்றார்கள். கடைசியில் சென்னை புதுப்பேட்டையில், இடித்து நொறுங்கின ஒரு ஆல்ட்டுராவின் மொத்தப் பின்கதவையே வாங்கி வந்து மாட்டினோம். நிறம் வேறு. ரெண்டு வருஷம் அப்படியே ஓடியது.

கதவைத் தாங்கிப் பிடிக்கிற ரெண்டு கேஸ் ஸ்ட்ரட் செத்தபோது ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து ஓட்டினார் பெரியப்பா. நான் கை வைத்ததும் முதலில் அதைத்தான் சரி செய்தேன். பேர் போட்டுத் தேடினால் கிடைக்காது. மூடின நீளம், விரிந்த நீளம், தள்ளும் விசை எத்தனை நியூட்டன் என்று பார்த்தால் வேற வண்டியோடது பொருந்தும். முனையில் இருக்கிற உருண்டை மட்டும் சைஸ் ஒத்து வரலை. நெய்வேலி பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். சுரங்கத்து ராட்சத மெஷின்களைச் சுற்றி வளர்ந்த ஊராச்சே, இதெல்லாம் அவங்களுக்கு ஜுஜுபி. கைலி பண்டல் சுமந்து உட்கார்ந்து போன பின் ஸ்பிரிங்கும் மாத்தியாச்சு.

வேகத்துக்கு வந்த புது எதிரி பெட்ரோல். 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்றாகிவிட்டது. 2002-ல் செய்த வண்டியின் ரப்பர் அதுக்காகச் செய்ததில்லை. பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்குகிற வகைக்கு மாத்தினேன்.

இந்தியாவில் நிஜமான வேக எஸ்டேட் 2015-ல் வந்தது. ஆடி ஆர்.எஸ்.6 அவாண்ட், 560 குதிரைத்திறன், விலை ஒண்ணே முக்கால் கோடியை எட்டாத 1.35 கோடி. அதற்கு ரெண்டு வருஷம் கழித்து வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி. வண்டலூரில் சேராமல் போன வி8-ம் எஸ்டேட் உடம்பும் முப்பது வருஷம் கழித்து ஒண்ணா வந்து சேர்ந்தன, கைலி வியாபாரி தொட முடியாத விலையில்.

எங்க வண்டிக்கு 2017-ல் 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தோம். அப்ப கட்டணம் 600. 2022-ல் 5,000. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000, ஜி.எஸ்.டி. தனி. எங்களுக்கு அடுத்த முறை 2027. பணத்தைக் கட்டிவிடலாம். எஃப்.சி.க்குப் போகும்போது பின்விளக்கு ரெண்டும் உருப்படியா எரியணும், இடது பக்கத்து விளக்கின் கூடு ரெண்டு இடத்தில் விரிசல் விட்டு, அக்ரிலிக் பசை போட்டு ஒட்டி நிற்குது. பாண்டிச்சேரி, விழுப்புரம், திருச்சி பக்கம் காயலான் கடையில் ஒரு ஆல்ட்டுரா படுத்திருப்பதைப் பார்த்தால் சொல்லுங்க மக்களே. எந்த நிறமா இருந்தாலும் பரவாயில்லை.