அறிவியலார் நாவில் ஆண்டவன்

தமிழில் உபந்நியாசம் என்பது சமயச் சொற்பொழிவு. இந்தியில் அதே சொல் புதினத்தைக் குறிக்கும். வடபுலத்தில் குடியேறிய தமிழருள் இச்சொல்லால் ஒருமுறையேனும் தடுமாறாதார் சிலரே. சொல் ஒன்றாயினும், அதன் பொருள் சொல்வாரையும் சூழலையும் சார்ந்தது. அறிவியல் அறிஞர்கள் இயற்கையைப் பற்றிப் பேசுங்கால் ‘இறைவன்’, ‘படைப்பு’ என்னும் சொற்களை ஆள்வதையும் இவ்விழிப்புடனேயே அணுகுதல் வேண்டும். மூவர் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

முதலாமவர் ஜெர்மானிய வானியல் அறிஞர் கெப்ளர் (1571–1630). சமயப் போதகராக விழைந்து டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றவர். ஆண்டவன் வடிவக் கணிதத்தைக் கொண்டே உலகை வகுத்தான் என்பது அவர்தம் உறுதியான நம்பிக்கை. டைக்கோ பிராகி என்னும் அறிஞர் திரட்டிய அளவைகளுடன் செவ்வாயின் பாதையைப் பற்றிய தம் கணக்கை அவர் ஒப்பிட்டார். 8 கலை அளவே வேறுபாடு தோன்றியது. அது முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழக் கால் பங்குதான். பிறர் புறக்கணித்திருக்கக்கூடிய அப்பிழையைக் கெப்ளர் புறக்கணிக்கவில்லை. டைக்கோவை இறைவன் அளித்த கொடையாகக் கருதியதால், அவர் அளவைகளைத் தள்ளுதல் நன்றி கொன்ற செயலாகும் என எண்ணினார். கோள்கள் நீள்வட்டப் பாதையில் இயங்குகின்றன என்ற உண்மை 1609-இல் வெளிப்பட்டது. இங்கே இறைவன் என்னும் சொல் உவமையன்று, மெய்யான வழிபாடு.

இரண்டாமவர் டார்வின் (1809–1882). உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் 1859 நவம்பரில் வெளிவந்தது. முதன்முதல் உயிர் ஊதப்பெற்றது என்று கூறிய அதன் இறுதி வாக்கியத்தில், ஊதியவர் யார் என்ற குறிப்பு இல்லை. 1860 சனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் ‘படைத்தவனால்’ என்னும் பொருள்படும் சொல் புதிதாகச் சேர்ந்தது. இடையில் கழிந்தவை சில வாரங்களே. 1863-இல் தம் நண்பர் ஊக்கருக்கு எழுதிய மடலில், பொதுமக்கள் கருத்துக்குப் பணிந்து விவிலியச் சொல்லை ஆண்டமைக்கு நெடுநாளாக வருந்துவதாக டார்வின் ஒப்புக்கொண்டார். அறியப்படாத ஏதோ ஒரு முறையில் உயிர் தோன்றியது என்பதே தாம் கருதியது என்றும் விளக்கினார். எனினும் 1872-இல் வந்த ஆறாம் பதிப்பிலும் இறுதி வாக்கியத்தில் அச்சொல் நின்றது. இங்கே சமயச் சொல், காலத்தோடு செய்துகொண்ட ஓர் உடன்பாடு.

மூன்றாமவர் ஐன்ஸ்டைன் (1879–1955). இறைவன் பகடை ஆடுவதில்லை என்ற பொருளில் அவர் 1926-இல் மாக்சு போர்னுக்கு எழுதியது உலகறிந்த செய்தி. ஆனால் அது வழிபாடு பற்றிய பேச்சன்று. அணுவுலகின் நிகழ்ச்சிகள் அடிப்படையிலேயே தற்செயலானவை என்ற புதிய கொள்கையை அவர் உள்ளம் ஏற்கவில்லை; அம்மறுப்பே அவ்வுருவில் வெளிப்பட்டது. 1929-இல் நியூயார்க் நகர யூத குரு ஒருவர், கடவுளை நம்புகிறீரா என்று தந்தியில் வினவி, 50 சொற்களுக்குள் விடை வேண்டினார். உலகின் ஒழுங்கமைதியில் வெளிப்படும் ஸ்பினோசாவின் கடவுளை நம்புவதாகவும், மாந்தர் வினைகளிலும் ஊழிலும் தலையிடும் கடவுளை நம்புவதில்லை என்றும் ஐன்ஸ்டைன் விடையிறுத்தார். அந்த ஸ்பினோசாவோ, 1656-இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமுதாயத்தால் விலக்கிவைக்கப்பட்டவர்! தம் சமய நம்பிக்கை பற்றிப் பரப்பப்பட்ட பொய்யை 1954-இல் ஒரு மடலில் ஐன்ஸ்டைன் வெளிப்படையாகக் கண்டித்தார். அதே வேளையில், இயற்கையின் முன் தமக்கு எழும் வியப்பைச் சமய உணர்வு என்றே அழைக்கவும் அவர் தயங்கவில்லை.

ஆக, ஒருவர்க்கு அச்சொல் நம்பிக்கை, ஒருவர்க்கு உடன்பாடு, ஒருவர்க்கு வியப்பின் குறியீடு. மூன்றையும் ஒன்றாகக் கருதுவோர் இருவகைப்படுவர். ‘பெரிய விஞ்ஞானியே கடவுளை ஏற்றார்’ என்று மேடையில் முழங்குவோர் ஒரு வகையினர். அறிவியலார் உரைக்கும் சமயச் சொல் யாவும் வெறும் அலங்காரம் எனத் தள்ளுவோர் மற்றொரு வகையினர். முன்னவர் டார்வினின் வருத்தத்தை மறைக்கின்றனர். பின்னவர் கெப்ளரின் பக்தியை மறைக்கின்றனர். இருவரும் மாண்டவர் வாயில் தம் சொல்லைத் திணிப்பவரே ஆவர்.

நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழிகளும் பயின்று வளர்பவர்கள். ஒரு சொல் எல்லை கடந்தால் பொருள் மாறும் என்பதை அன்றாட வாழ்வே அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது. அறிஞர் கூற்று ஒன்றை அவர்கள் கொண்டுவந்து காட்டும்போது, ‘இதைச் சொன்னவர் யார், யாரிடம், எப்போது, எதைக் கருதிச் சொன்னார்?’ என்று சேர்ந்து ஆராய்வோமாக. இறைவனை நம்புவோர்க்கும் நம்பாதார்க்கும் இது பொதுவான கடமை. உண்மைக்கு நாம் செலுத்தும் மரியாதையும் அதுவே.