பூட்டிய அரங்கின் கணக்கு: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. அதற்குச் சில நாள் முன்னதாக, உச்சப் பிரிவான முதல் டிவிஷனின் அணிகள் ஒன்றோடொன்று மோதித் தங்களைச் சோதித்துக்கொள்ளும். இந்த ஆட்டங்கள் நெடுங்காலம் கதவடைத்தே நடந்தன. ரசிகர் இல்லை, செய்தியாளர் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. விளையாட்டுப் பக்கங்கள் இவற்றை ‘ரகசிய ஸ்க்ரிம்மேஜ்’ (ரகசியப் பயிற்சி ஆட்டம்) என்றன. பெயரோடு ஒரு விளக்கமும் பரவியது. பயிற்சியாளர்கள் மறைத்துப் பழகியவர்கள், உத்திகளை எதிரிக்குக் காட்ட மாட்டார்கள், ஊர் பார்க்கத் தோற்க அஞ்சுவார்கள். ஆகவே அரங்கைப் பூட்டினார்கள். பின்னர் பணத்தேவை பெருகியது, பூட்டு திறந்தது.

இந்த வாசிப்பில் உண்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்கிறது. அரங்கைப் பூட்டியது பயிற்சியாளரின் மனநிலை அல்ல, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்புத்தகம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மனநிலை என்ற காரணத்தையே எடுத்துக்கொள்வோம். மேரிலாந்து பல்கலைக்கழகப் பயிற்சியாளர் லெஃப்டி டிரீசல், 1971 அக்டோபர் 15 அன்று, பயிற்சிக்கு அனுமதி தொடங்கிய உடனேயே, நள்ளிரவு 12:03 மணிக்குத் தம் வீரர்களை ஓடவைத்தார். அதைப் பார்க்க மாணவர்கள் கூடிவிட்டார்கள். ‘மிட்நைட் மேட்னஸ்’ என்ற திருவிழா அங்கேதான் கருக்கொண்டது. கென்டக்கியில் அது ‘பிக் ப்ளூ மேட்னஸ்’ ஆகி, இருபதாயிரம் பேர் கொள்ளும் ரப் அரீனாவை நிரப்பியது. அதன் நுழைவுச்சீட்டுக்காக ரசிகர்கள் கூடாரம் அடித்துக் காத்திருந்த ஆண்டுகள் உண்டு. அணியின் முதல் நாள் பயிற்சியையே ஊரறியக் கொண்டாடும் அதே பயிற்சியாளர், இரண்டு வாரம் கழித்து இன்னொரு கல்லூரியோடு ஆடும்போது மட்டும் கதவை அடைத்தார். பிறவிக் கூச்சத்தால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

அடுத்தது, பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்சிப் போட்டி என்றால் வெளியணியோடு ஆடுவது. வெளிநாட்டுத் தேசிய அணிகள், ‘அத்லீட்ஸ் இன் ஆக்‌ஷன்’ போன்ற மத அமைப்பின் அணி, ‘மாரத்தான் ஆயில்’ போன்ற சுற்றுப்பயண அணிகள் எனப் பலவும் வந்தன. அவை எல்லாம் திறந்த அரங்கில்தான். 1987 நவம்பரில் இண்டியானாவின் ப்ளூமிங்டனுக்குச் சோவியத் அணி வந்தபோது இண்டியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாப் நைட் நடுவரோடு மோதி, 66-43 எனப் பின்தங்கியிருந்த தம் அணியை ஆட்டத்தின் நடுவிலேயே களத்திலிருந்து அழைத்துச் சென்றுவிட்டார். அவமானம் என்றால் அதைவிடப் பெரிய அவமானம் ஏது? அதற்குப் பிறகும் காட்சிப் போட்டிகள் மூடிய கதவுக்குப் பின்னால் போய்விடவில்லை.

போக்கை மாற்றியது வேறொன்று. சுற்றுப்பயண அணிகளில் சிலவற்றை நடத்தியவர்கள், பள்ளிச் சிறுவர்களின் கோடைக்கால அணிகளோடும் தொடர்புள்ளவர்கள். அவர்களுடைய அணியை அழைத்து ஒரு கல்லூரி கொடுக்கும் ஆட்டக் கட்டணம், திறமையான பள்ளி வீரர் ஒருவரைத் தன் பக்கம் இழுப்பதற்கான மறைமுகக் கூலி ஆகிவிடலாம் என்ற ஐயம் எழுந்தது. 2004-05 பருவத்திலிருந்து கல்லூரி சாராத அணிகளோடு காட்சிப் போட்டி ஆடுவதை என்.சி.ஏ.ஏ. தடுத்தது. அதன் பின் முதல் டிவிஷன் கல்லூரிக்கு இரண்டு வழிகளே மிஞ்சின. கீழ்ப்பிரிவுக் கல்லூரி ஒன்றை அழைத்துச் சீட்டு விற்றுத் திறந்த அரங்கில் ஆடலாம்; அல்லது தன் தரத்து அணியோடு பூட்டிய அரங்கில் ஆடலாம். இரண்டு வகையும் சேர்த்துப் பருவத்துக்கு மொத்தம் இரண்டு ஆட்டங்கள்.

இங்கே விதிப்புத்தகத்தின் ஒரு சிறு பிரிவில் சற்று நிற்க வேண்டும். இந்த வரலாற்றுக்குக் கல்வெட்டு என ஒன்று உண்டென்றால் அது இதுதான். முறைசாராப் பயிற்சி ஆட்டத்துக்கு அது மூன்று நிபந்தனைகள் விதித்தது: தனிமையில் நடக்க வேண்டும், விளம்பரம் கூடாது, அதிகாரபூர்வமாகப் புள்ளி பதியக் கூடாது. பொதுவான வாசிப்பு முதலிரண்டை மட்டுமே பார்க்கிறது. ரகசியம் என்ற முடிவு அங்கிருந்து வருகிறது. மூன்றாவதுதான் திறவுகோல். உத்தியைக் காப்பது நோக்கமென்றால் புள்ளிப் பதிவைத் தடுப்பதால் ஒரு பயனும் இல்லை. எதிரணிப் பயிற்சியாளர் எதிரிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். புள்ளி பதிவாகாவிட்டால் முடிவு இல்லை. முடிவு இல்லாவிட்டால் அது போட்டி இல்லை. ஒரு பருவத்தில் ஓர் அணி எத்தனை போட்டிகள் ஆடலாம் என்பதற்கு உச்சவரம்பு வைத்திருக்கும் அமைப்புக்கு, ஒரு சந்திப்பைப் பயிற்சி என்று வகைப்படுத்த அடையாளங்கள் தேவை. பார்வையாளர், விளம்பரம், புள்ளி ஆகிய மூன்றையும் கழித்தால் எஞ்சுவது பயிற்சி. மூடிய கதவு அந்தக் கழித்தலின் ஒரு பகுதி.

களத்தில் நடந்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. இந்த ஆட்டங்களில் நடுவர்கள் இருப்பார்கள், கடிகாரம் ஓடும்; ஆயினும் பயிற்சியாளர்கள் இருவரும் பேசி, ஆட்டத்தைச் சிறு பகுதிகளாக வெட்டி, இடையிடையே புள்ளியைப் பூஜ்யத்துக்குத் திருப்புவதும், கடைசி ஒரு நிமிடச் சூழலை மட்டும் மீண்டும் மீண்டும் ஆடிப் பார்ப்பதும் வழக்கம். சீட்டு வாங்கி வந்த கூட்டத்தின் முன் இதைச் செய்ய முடியாது. பயிற்சியாளர்களுக்கு இந்த வடிவம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் பிடித்துப்போனது பின்னால், கதவடைத்தது முன்னால்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பதிவே கூடாது என்று விதி சொன்ன ஆட்டங்களுக்கு முழுமையான பதிவு இருக்க வழியில்லை. கசிந்த புள்ளிகளும் செய்தியாளர் தொகுத்த பட்டியல்களுமே மிச்சம். இந்தப் பழக்கம் தொடங்கியதற்கு ஒற்றை ஆண்டைக் குறிப்பது சரியாகாது. 2004-க்குப் பின் அது படிப்படியாக வேரூன்றியது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

தோல்வி பற்றிய அச்சம் என்ற வாதத்துக்கு வலுவான சான்று 2009 நவம்பர் 3. சிராக்யூஸ் தன் சொந்த அரங்கில், அதே நகரத்தின், அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்த லெ மோய்ன் கல்லூரியிடம் 82-79 எனத் தோற்றது. அதற்கு இரண்டாண்டு முன்பு மிச்சிகன் ஸ்டேட்டை அதன் களத்திலேயே கிராண்ட் வேலி ஸ்டேட் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் 85-82 என வீழ்த்தியிருந்தது. ஆனால் சிராக்யூஸ் அந்தப் பருவத்தில் 30 வெற்றி, 5 தோல்வியோடு தேசியப் போட்டித்தொடரில் தன் பிராந்தியத்தின் முதல்தர இடத்தையும் பெற்றது. இரு கல்லூரிகளும் அதன் பிறகு கீழ்ப்பிரிவு அணிகளை அழைப்பதை விட்டுவிடவும் இல்லை. கணக்கில் சேராத தோல்வி நாணச் செய்யும், நடத்தையை மாற்றாது.

கதவு திறந்த விதமும் இந்த வாதத்தையே தாங்குகிறது. 2017 ஆகஸ்ட், செப்டம்பரில் ஹார்வி, இர்மா, மரியா சூறாவளிகள் அடித்தன. நிவாரண நிதிக்காக ஆடும் முதல் டிவிஷன் அணிகளுக்கு என்.சி.ஏ.ஏ. விலக்கு அளித்தது. அக்டோபர் 22 அன்று கேன்சஸ் சிட்டியில் கேன்சஸும் மிசௌரியும் மோதின. மிசௌரி வேறு கூட்டமைப்புக்குப் போனதால், நூற்றாண்டுப் பகை கொண்ட இந்த இரு அணிகளும் 2012-க்குப் பின் சந்தித்ததே இல்லை. கேன்சஸ் 93-87 என வென்றது. சுமார் 20 லட்சம் டாலர் திரண்டது. அனுமதி கிடைத்த சில வாரங்களுக்குள் கதவைத் திறந்தவர்கள், அதுவரை கதவைப் பூட்டி வைத்திருந்த அதே பயிற்சியாளர்கள். பழக்கம் விதியால் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை எதிர்பார்க்க முடியாது. 2021 டிசம்பரில் இரு அணிகளும் பருவப் போட்டியிலேயே மீண்டும் மோதின.

2023-ல் ஹவாயின் மாவி தீவில் தீ பேரழிவை உண்டாக்கியபோது அதே வழி மறுபடியும் பயன்பட்டது. இல்லினாய் கேன்சஸை 82-75 என வென்றது. டென்னசி மிச்சிகன் ஸ்டேட்டை ஒரே ஒரு புள்ளியில், 89-88 என.

2025-ல் என்.சி.ஏ.ஏ.வின் முதல் டிவிஷன் கவுன்சில் விலக்கு கோரும் தேவையையே நீக்கியது. நான்காண்டுப் படிப்புள்ள எந்தக் கல்லூரியோடும், அறக்கொடை நிபந்தனை இன்றி, இரண்டு காட்சிப் போட்டிகள் ஆடலாம். அந்த அக்டோபரில் பர்டூ கென்டக்கிக்குச் சென்றது. டியூக் டென்னசியில் ஆடியது. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மிச்சிகனும் செயின்ட் ஜான்ஸும் கூடுதல் நேரம் வரை போராடின. அதே 2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாக வருவாயில் பங்கு தரத் தொடங்கியிருந்தன. பணம் இங்கே செயல்பட்டது என்று பழைய வாசிப்பின் ஆதரவாளர்கள் சொன்னால் அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2017-ன் உடைப்பு அதற்கு எட்டாண்டு முந்தையது; அந்த வசூலும் நிவாரணத்துக்குப் போனது.

இந்த வாதத்துக்கு முழுதும் அடங்காத ஒன்று எஞ்சுகிறது. விதி தளர்ந்த பிறகும் சில அணிகள் பூட்டிய அரங்கையே தேர்ந்தன. இருபதாண்டு விதி பழக்கிய கை அது எனலாம்; பயிற்சியாளருக்கு உண்மையிலேயே ஒரு தனிமை தேவைப்பட்டது என்றும் எனலாம். ஒன்றிரண்டு பருவங்களின் தரவைக் கொண்டு எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல இயலாது. இரு தரப்பு வாசிப்பும் இதுவரை தொடாத கேள்வி கீழ்ப்பிரிவுக் கல்லூரிகளைப் பற்றியது. பெரிய அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளத் தொடங்கினால், இரண்டாம் டிவிஷன் கல்லூரி ஒன்றின் வரவுசெலவில் ஓர் அக்டோபர் பயணக் கட்டணம் குறையும். பெரிய அரங்கில் ஒரு மாலை ஆடும் வாய்ப்பும் அதன் வீரர்களுக்குக் குறையும். கீழ்ப்பிரிவுக் கல்லூரிகளின் ஆட்ட அட்டவணைகளை 2004-லிருந்து ஆண்டுவாரியாக ஒப்பிட்டால் இந்த இழப்பை அளக்கலாம். ஆய்வு அடுத்து அங்கேதான் போக வேண்டும்.