கசிவில் பிறந்தது

1898இல் ஜேர்மனிய விஞ்ஞானி ஹான்ஸ் ஃபொன் பெக்மான் ஏதோ ஒன்றைச் சூடாக்கப்போக, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக மெழுகு போல ஒன்று படிந்துவிட்டது. அதனால் ஒரு பயனும் அவருக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டார். பிறந்தபோதே கழிவாகப் பிறந்த அந்தப் பொருள் மறுபடி தலைகாட்ட 35 வருடங்கள் பிடித்தன.

1933 மார்ச் 27, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஐ.சி.ஐ. கம்பனியின் ஆய்வுகூடம். எரிக் ஃபோசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் எதிலீன் வாயுவைக் கடும் அமுக்கத்தில் இன்னொரு திரவத்தோடு சேர்த்துச் சூடாக்கிவைத்துவிட்டு வார இறுதிக்குப் போயிருந்தார்கள். வந்து பார்த்தால் கருவி கசிந்து அமுக்கம் இறங்கியிருந்தது. எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. குழாயில் மட்டும் அதே வெள்ளை மெழுகு, சிறிதளவு. திரும்பச் செய்துபார்த்தார்கள், கருவி வெடித்தது. ஆபத்தான வேலை என்று கம்பனி நிறுத்திவைத்தது.

1935 டிசம்பரில் மைக்கேல் பெரின் குழுவினர் உறுதியான கருவியோடு துணிந்து இறங்கினார்கள். மறுபடி கசிவு! குறைந்த அமுக்கத்தை ஈடுகட்டப் புதிதாக எதிலீன் ஏற்றினார்கள். அந்தப் புது வாயுவில், யாரும் வேண்டுமென்று சேர்க்காத ஒட்சிசன் துளியளவு கலந்திருந்தது. இத்தனை காலம் குறைவாக இருந்தது அந்தத் துளிதான். திறந்தபோது கைக்கு வந்தது 8 கிராம். கருவி ஒழுகாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பெருமளவில் தயாரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது 1939 செப்டெம்பர் 1 அன்று. அதே நாளில் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. உற்பத்தி யுத்தத்துக்குப் போனது. ராடர் கேபிள்களைச் சுற்றிக் காக்க இந்த இலேசான பொருள் வெகுவாகப் பொருந்தியது. ராடரை விமானத்துக்குள் ஏற்ற இது பெரிதும் உதவியது. யுத்தம் முடிந்ததும் கம்பனிகளுக்கு ஒரு சங்கடம் வந்தது: இனி யார் வாங்குவது?

1953இல் ஜேர்மனியில் கார்ல் சீக்லர் கடும் அமுக்கம் இல்லாமலே இதைச் செய்யும் வழியைக் கண்டார். அதற்கும் துப்புக் கொடுத்தது ஒரு அழுக்குத்தான்: பாத்திரத்தில் பழைய பரிசோதனை விட்டுப்போன நிக்கல். பொருள் இன்னும் மலிந்தது. ஆனால் உழைக்கும் பொருளை மக்கள் ஒருமுறைதானே வாங்குவார்கள்? 1956இல் நியூயோர்க்கில் நடந்த பிளாஸ்டிக் துறைக் கூட்டத்தில் லொயிட் ஸ்டோஃபர் என்ற பத்திரிகை ஆசிரியர் பட்டென்று வழி சொன்னார். இந்தத் தொழிலின் எதிர்காலம் குப்பைத்தொட்டியில்தான் இருக்கிறது என்பது அவர் கருத்து. எறிவது மனித சுபாவம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். டப்பாவையும் போத்தலையும் கழுவி வைத்துப் பழகிய மக்களுக்கு எறியும் பழக்கத்தை ஊட்டவேண்டியிருந்தது.

விசித்திரம் என்னவென்றால், அடுத்து வந்த சுவீடன்காரர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் நினைத்தது இதற்கு நேரெதிர். செலோபிளாஸ்ட் கம்பனிக்காக, இந்தப் பொருளாலான மெல்லிய குழாயை மடித்து, ஒட்டி, மேலே ஒரு துண்டை வெட்டி எடுத்தார். இரண்டு காதுகள் முளைத்தன. 1965இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. காகிதத்துக்காக மரங்கள் வெட்டப்படுவது அவருக்கு மனவருத்தம். தான் செய்ததில் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் திரும்பத்திரும்பப் பாவித்தாராம். மகன் பின்னாளில் பிபிசிக்குச் சொன்னது. உலகம் அப்படிப் பாவித்ததா?

இலங்கையின் வன்னிக்கு இதே பொருள் வேறொரு உருவத்திலும் வந்தது. 2008 நவம்பரில், போரின்போது, மாங்குளம் இராணுவத்தின் கையில் விழுந்தது. கிழக்கே முல்லைத்தீவுப் பக்கமாக ஒதுங்கிய சனம் கூடவே கொண்டுபோனது தறப்பாள். உள்ளே பின்னிய இழையும் மேலே பூசிய படலமும் இந்த வெள்ளை மெழுகின் பிள்ளைகள்தான். பிறகு மெனிக் பாம் முகாமிலும் அதுவே கூரை. ஊர் திரும்பியபோதும் முதல் கொட்டிலுக்கு மேலே அதுதான் கிடந்தது. கிழிந்தால் தைத்தார்கள், கட்டினார்கள்; எறியவில்லை.

மாங்குளம் சந்தியில் கடைகள் மறுபடி திறந்தன. ஒவ்வொரு கடையிலும் ஆணியில் கொத்தாக, காதுகளோடு தொங்கியது: பொலித்தீன் ஷொப்பிங் பை. கால் கிலோ வெங்காயத்துக்கு ஒன்று, ஒரு சவர்க்காரத்துக்கு இன்னொன்று. தறப்பாளின் உடன்பிறப்புத்தான், ஆனால் இதன் ஆயுள் கடைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தூரம். விலை கேட்காமல் கொடுத்ததை யார் தைத்து வைப்பார்கள்?

எறிந்தது எங்கே போனது? வவுனியா நகரின் குப்பை பம்பைமடுவுக்குப் போனது. அயலூரான சாளம்பைக்குளத்தில் இருப்பவர்கள் 1990இல் விரட்டப்பட்டு, போருக்குப் பின் திரும்பிவந்த முஸ்லிம் குடும்பங்கள். குப்பைக்கு எதிராகப் போராடவேண்டியதும் அவர்கள்தான். நகரத்தின் கழிவுக்கு இடம் தேடும்போது, எதிர்த்துப் பேச வலுக்குறைந்தவர்களின் வேலியோரம்தான் முதலில் கண்ணில் படும். கொழும்பிலும் அதேதான்: 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகுதான் அரசு அசைந்தது. பைக்கும் லஞ்ச் ஷீட்டுக்கும் தடை வந்த நாள் 2017 செப்டெம்பர் 1. ஆலை தொடங்கி 78 வருடம் நிறைந்த அதே திகதி என்பது யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. தடை ஏட்டில் இருந்தது, பை ஆணியில் தொங்கியது. 2025 நவம்பர் 1 முதல் சட்டம் வேறு பக்கத்தால் வந்தது: பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்டவேண்டும்.