குகைச் சுவரில் காட்டெருது, பைபிள் ஓரத்தில் 4004



மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "பாலம் கட்டுவதைப் பற்றி எழுதட்டுமா சார்?" என்றேன். "அதெல்லாம் வேண்டாம்ப்பா, ஜனங்க படிக்கிற மாதிரி ஏதாவது எழுது" என்றார். அதனால் என் தொழிலை விட்டுவிட்டு, நம் ஹாஸ்டலில் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய ஆங்கில பைபிள் உண்டு. ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் கி.மு. 4004 என்று போட்டிருக்கும். சண்டே ஸ்கூல் நாட்களில் அதுவும் வேதவசனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷம் லைப்ரரியில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் கண்ணில் பட்டன. வயது சுமார் 17,000 ஆண்டுகள். ரூம் நண்பன் எட்டிப் பார்த்து, "டேய், உங்க ஆதாமுக்கு முன்னாடியே எவனோ குதிரை வரைஞ்சிருக்கான்டா!" என்றான். சிரித்து மழுப்பினேன். ஆனால் உள்ளுக்குள் எதுவோ சரிந்தது. சில மாதம் ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை.

பிறகுதான் தெரிந்தது, அந்த 4004 வேதத்தில் இல்லவே இல்லை. அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழித்துப் போட்ட கணக்கு அது. 1701 முதல் ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அச்சாகத் தொடங்கியது. அவரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கையில் இருந்த ஆதாரங்களை வைத்து நேர்மையாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். ஓரத்தில் இருந்ததை நாம்தான் வசனத்தோடு சேர்த்துப் படித்துவிட்டோம்.

குகை ஓவியத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது இன்னொரு வேடிக்கை காத்திருந்தது. வடக்கு ஸ்பெயினில் அல்தாமிரா என்ற குகை. 1879இல் மார்செலினோ சான்ஸ் தெ சௌத்துவோலா என்ற நிலக்கிழார் அதன் தரையைக் கிளறிக் கல்லாயுதம் தேடிக்கொண்டிருந்தார். கூட வந்த எட்டு வயது மகள் மரியா அண்ணாந்து பார்த்து, "அப்பா, மாடு!" என்று கத்தினாளாம். கூரை முழுக்கச் செந்நிறப் பைசன் எருதுகள். பாறை புடைத்திருந்த இடத்தில் எருதின் உடம்பு வருமாறு வரைந்திருந்தார்கள். எருது அப்படியே சுருண்டு படுத்திருப்பது போல இருக்கும்.

அடுத்த வருஷமே அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மாட்ரிட் பேராசிரியர் விலனோவா அவருக்காக வாதாடினார். ஆனால் அறிஞர்கள் ஏற்கவில்லை. கற்கால மனிதன் பாதி மிருகம், அவனுக்கு இவ்வளவு கை ஓடுமா என்பது அவர்கள் கட்சி. சௌத்துவோலா தன் வீட்டில் தங்கிய ஓவியரை வைத்து வரைந்துவிட்டார் என்றுகூடப் பேச்சு. பரிணாமத்தையும் நாத்திகத்தையும் ஒருசேரப் பிடித்திருந்த காப்ரியேல் தெ மோர்த்தியே, இது ஸ்பெயின் ஜேசுயிட்டுகளின் சதியாக இருக்கும் என்று நண்பர் எமில் கார்த்தையாக்கை எச்சரித்தார். சௌத்துவோலா 1888இல் இறந்தார். கடைசிவரை அவர் பேரில் களங்கம் நீங்கவில்லை.

அதை நீக்கியதில் பெரும்பங்கு ஒரு பாதிரியாருக்கு! ஹென்றி ப்ரோய், 1900இல் குருப்பட்டம் பெற்றவர். 1901இல் பிரான்சின் கோம்பரேல், ஃபோன்-தெ-கோம் குகை ஓவியங்களைக் கண்டு அறிவித்தவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு மறுக்க வழியில்லை. 1902இல் கார்த்தையாக் தன் தவறை ஒப்புக்கொண்டு, ஒரு சந்தேகவாதியின் பாவசங்கீர்த்தனம் என்கிற பாணியில் தலைப்பிட்டே கட்டுரை எழுதினார். அதே வருஷம் இருவரும் அல்தாமிரா போனார்கள். கூரை தாழ்வு. ப்ரோய் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொரு எருதையும் பிரதி எடுத்தார். ஈரத்தில் வாட்டர்கலர் காயாததால் பாஸ்டல் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டார். 1940 செப்டம்பரில் நாலு பையன்கள் லாஸ்கோவைக் கண்டுபிடித்தபோதும், சில நாட்களில் போய்ப் பார்த்துச் சான்று சொன்னவர் அவரே.

ப்ரோய் தவறே செய்யாதவர் அல்ல. நமீபியாவின் பிராண்ட்பெர்க் மலையில் இருந்த ஒரு பாறை ஓவியத்தை மத்தியதரைக் கடல் பகுதிப் பெண் என்று சொல்லி, "வெள்ளை மாது" என்ற பெயரை நிலைக்க வைத்தார். அது பெண்ணும் இல்லை, வெளியூர்க்காரரும் இல்லை, அந்த மண்ணின் மக்கள் வரைந்த ஆண் உருவம் என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து.

சரி, வயதை எப்படிச் சொல்கிறார்கள்? இன்ஜினியர் புத்தி, கேட்காமல் இருக்க முடியாது. கரியால் வரைந்திருந்தால் கார்பன்-14. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். வில்லார்ட் லிபி குழு 1949இல் நிலைநாட்டிய முறை. சுமார் 50,000 ஆண்டு வரைதான் எட்டும். காவிக்கல்லில் கார்பன் கிடையாது. அங்கே ஓவியத்தின் மேல் படிந்த சுண்ணாம்புப் படலத்தில் யுரேனியம் எவ்வளவு தோரியமாக மாறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். படலம் ஓவியத்துக்குப் பின்னால் படிந்தது. எனவே கிடைப்பது குறைந்தபட்ச வயது. 1994இல் கண்டுபிடித்த ஷோவே குகையின் கரி ஓவியங்கள் சுமார் 36,000 ஆண்டு. இந்தோனேசியாவின் சுலாவெசியில் பன்றியும் மனித உருவங்களும் உள்ள ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டு என்று 2024இல் வெளியிட்டார்கள்.

நம்மூரிலும் ஒரு கதை உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் உதவியோடு பைபிளைத் தமிழில் பெயர்த்தாரே, அவரேதான். ஒரே குடும்பத்தில் ஆதியாகமமும் கற்கோடரியும்! அதே 1863இல் ஃபூட் கண்ட அத்திரம்பாக்கத்துக் கல்லாயுதங்களுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழு 2011இல் அறிவித்தது.

என் சபையிலேயே ஆறாயிரம் வருஷக் கணக்கை விடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஜெபத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அணுச் சிதைவின் வேகத்தைக் கல்பாக்கத்துக்கு ஒன்று, குகைக்கு ஒன்று என்று என்னால் வைத்துக்கொள்ள முடியாது. 1950இல் போப் 12ஆம் பயஸ், மனித உடலின் தோற்றத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்று எழுதினார். நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் அந்த இடம் எனக்கு நிற்க வசதியாக இருந்தது. விளக்கொளியில், யாரும் வசிக்காத ஆழத்தில் போய் ஒருவன் எருது வரைந்தான் என்றால், தின்பதையும் தூங்குவதையும் தாண்டி அவனுக்கு ஏதோ வேண்டியிருந்தது. அவனை என் ஆதியாகமத்துக்கு வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கடைசி செமஸ்டரில் மறுபடி ஆராதனைக்குப் போனேன்.

ரூம் நண்பன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான், "சாமர்த்தியமா ஒட்டுப் போட்டுட்ட" என்பான். மோர்த்தியே கதையை அவனிடம் நான் இதுவரை சொன்னதில்லை. இந்த முறை ரீயூனியனுக்கு வருகிறானாம். தாத்தாவின் பைபிளையும் பையில் வைத்திருக்கிறேன்.