டெர்பிக்கு வெளியே நின்ற சாம்பியன்: டைகி ஷட்டில்

'உமா முசுமே' அனிமே பார்த்தவங்களுக்கு டைகி ஷட்டில் என்ற பேர் தெரிஞ்சிருக்கும். கலகலன்னு பேசுற, அமெரிக்காவிலிருந்து வந்த பொண்ணா அதுல வருவாங்க. நானும் அப்படித்தான் இந்தப் பேரைத் தெரிஞ்சுகிட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தா, அது நிஜமாவே ஓடிய ஒரு பந்தயக் குதிரை. 13 பந்தயங்கள், 11 வெற்றி, ஒரு இரண்டாம் இடம், ஒரு மூன்றாம் இடம். அவ்வளவுதான், அதுக்குக் கீழே இறங்கினதே இல்லை.

ஆனா இந்தக் கதையை அது ஜெயிச்ச பந்தயங்களில் இருந்து தொடங்கப் போறதில்லை. ஓடவே அனுமதி இல்லாத ஒரு பந்தயத்தில் இருந்து தொடங்குறேன்.

ஜப்பானில் குதிரைப் பந்தயம்னா டெர்பிதான். டோக்கியோவில் 2400 மீட்டர், மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டும். ஒரு குதிரைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வாய்ப்பு. டைகி ஷட்டில் 1994 மார்ச்சில் அமெரிக்காவில் பிறந்தது. ஜப்பானியர்களின் பண்ணையில் பிறந்து, ஜப்பானுக்கு வந்து, அங்கேயே பயிற்சி பெற்ற குதிரை. ஆனாலும் பிறந்த இடம் வெளிநாடு. பந்தயப் பட்டியலில் இப்படிப்பட்ட குதிரைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் 'வெளி' என்ற எழுத்தைப் போடுவார்கள். 'மாருகாய்' என்று பேச்சில் சொல்வார்கள். 'மாரு' என்றால் வட்டம். அந்தக் காலத்தில் அந்த வட்டம் இருந்தால் டெர்பி கிடையாது, மற்ற கிளாசிக் பந்தயங்களும் கிடையாது.

ஏன் இப்படி ஒரு விதி? வெறும் வெளிநாட்டு வெறுப்புன்னு ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானின் பந்தயக் குதிரைகளில் பெரும்பகுதி ஹொக்கைடோவின் சின்னச் சின்னக் குடும்பப் பண்ணைகளில் பிறப்பவை. 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியது. அமெரிக்க ஏலங்களில் நல்ல வம்சக் குதிரைகளை வாங்குவது ஜப்பானியர்களுக்கு எளிதானது. கதவை முழுசாத் திறந்திருந்தால் அந்தச் சிறு பண்ணைக்காரர்கள் எங்கே போவார்கள்? அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது.

சரி, வெளியே நிறுத்தப்பட்ட குதிரைகள் என்ன ஆயின? 1996-இல் என்.எச்.கே. மைல் கப் என்று மூன்று வயதுக் குதிரைகளுக்கான 1600 மீட்டர் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். இதில் மாருகாய்களும் ஓடலாம். முதல் வருஷம் ஓடிய 18 குதிரைகளில் 14 வெளிநாட்டில் பிறந்தவை. ரசிகர்கள் இதை 'மாருகாய் டெர்பி' என்றே கூப்பிட்டார்கள். இங்கேதான் நான் கவனிச்ச விஷயம்: கதவை மூடினதால் திறமை காணாமல் போகவில்லை, இன்னொரு வாசலில் போய்க் கூடியது. அந்த வாசல்தான் மைல்.

டைகி ஷட்டிலின் டிரெய்னர் காசுவோ ஃபுஜிசாவா. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் குதிரை லாயத்தில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர். குதிரை அறிமுகமானது 1997 ஏப்ரலில், அதுவும் மண் தடத்தில். அந்த வருஷ முடிவுக்குள் கியோட்டோவில் மைல் சாம்பியன்ஷிப், பிறகு 1200 மீட்டர் ஸ்பிரிண்டர்ஸ் ஸ்டேக்ஸ் இரண்டையும் ஜெயித்துவிட்டது. மைல் சாம்பியன்ஷிப்பில் சவாரி செய்த ஜாக்கி நொரிஹிரோ யோகோயாமா. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

1998 ஜூனில் டோக்கியோவில் யசுதா கினென். மழையில் ஊறிச் சேறாகிக் கிடந்த புல்தரை. வழக்கமான ஜாக்கி யுகியோ ஒகாபேயுடன் இறங்கி, ஹாங்காங்கில் இருந்து வந்த ஓரியண்டல் எக்ஸ்பிரஸைப் பின்னால் தள்ளி ஜெயித்தது. அடுத்தது பிரான்ஸ்.

ஆகஸ்ட் 9, பிரான்சின் கடற்கரை ஊரான தோவில். சீக்கிங் தி பேர்ல் என்ற பெண்குதிரை அங்கே ஒரு முதல்தரப் பந்தயத்தை ஜெயித்தது. ஜப்பானில் பயிற்சி பெற்ற ஒரு குதிரை ஐரோப்பாவில் முதல்தரப் பந்தயம் ஜெயித்தது அதுதான் முதல்முறை. சரியா ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 16-இல், அதே தோவிலில் வளைவே இல்லாத நேர்தடத்தில் 1600 மீட்டர் ஜாக் லெ மருவா பந்தயத்தை டைகி ஷட்டில் ஜெயித்தது. ஒகாபேக்கு அப்போ 49 வயசு.

இதுல ஒரு முரண் இருக்கு பாருங்க. ஐரோப்பாவில் ஜப்பானின் கொடியை முதலில் ஏற்றிய இந்த இரண்டு குதிரைகளும் அமெரிக்காவில் பிறந்தவை. சொந்த நாட்டு கிளாசிக் பந்தயங்களில் இரண்டுக்குமே இடம் இல்லை.

திரும்பி வந்து நவம்பரில் மைல் சாம்பியன்ஷிப்பை மறுபடி, இந்த முறை ஐந்து குதிரை நீளத்தில் ஜெயித்தது. டிசம்பரில் கடைசிப் பந்தயமான ஸ்பிரிண்டர்ஸ் ஸ்டேக்ஸ். எல்லாரும் இதுதான் ஜெயிக்கும் என்று பணம் கட்டியிருந்தார்கள். மூன்றாவதாக வந்தது. ஜெயித்தது மைனர் லவ், இரண்டாவது அதே சீக்கிங் தி பேர்ல். முதல் மூன்றுமே அமெரிக்காவில் பிறந்தவை! தோற்ற அதே நாளில் ஓய்வு விழாவும் நடந்தது. ஆனாலும் அந்த வருஷத்தின் சிறந்த குதிரை விருது டைகி ஷட்டிலுக்குத்தான். குறுந்தொலைவில் மட்டும் ஓடிய ஒரு குதிரைக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை.

இதை 'அநியாயமா டெர்பி பறிபோன வீரன்' கதையா சொல்லலாம். ஆனா அது நேர்மையா இருக்காது. இது வாழ்நாளில் 1600 மீட்டருக்கு மேல் ஓடினதே இல்லை. அனுமதி இருந்திருந்தாலும் 2400 மீட்டரில் ஜெயித்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஓடிப்பார்த்துத் தோற்கும் உரிமைகூட இல்லை என்பதுதான் விஷயம். 2001-இல் அந்த உரிமை வந்தது. வெளிநாட்டில் பிறந்த குதிரைகளுக்கு டெர்பியில் சில இடங்களை ஒதுக்கினார்கள். குரோஃபுனே என்ற அமெரிக்கக் குதிரை ஓடியது, ஐந்தாவதாக வந்தது. பண்ணைகளும் அழிந்துவிடவில்லை.

இப்போ அந்தக் கடைசிப் பகுதி. டைகி ஷட்டிலின் மகள் ஒன்றின் பெயர் விர்ச்சூ. அதன் குட்டி ஒன் அண்ட் ஒன்லி, ஜப்பானில் பிறந்தது. பெயருக்குப் பக்கத்தில் வட்டம் கிடையாது. 2014-இல் டெர்பியை ஜெயித்தது. சவாரி செய்தவர் யோகோயாமா. 17 வருஷத்துக்கு முன்னால் தாத்தாவின் முதுகில் உட்கார்ந்திருந்த அதே யோகோயாமா.

டைகி ஷட்டில் 2022 ஆகஸ்ட் 17-இல், 28 வயதில், ஹொக்கைடோவில் இறந்தது. தோவிலில் ஜெயித்து சரியாக 24 வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. எந்த மண்ணின் பண்ணைகளைக் காப்பாற்ற அந்த வட்டத்தைப் போட்டார்களோ, அந்த மண்ணிலேயே அது முதுமையைக் கழித்தது.