விண்மீன் வெடிப்பும் தொலைவின் அளவும்

சூப்பர்நோவாக்களைக் கொண்டு அண்டத்தை அளக்கும் முறைக்குச் சந்திரசேகர் வரம்பே அடித்தளம் எனப் பாடநூல்கள் சொல்கின்றன. வரலாறு அவ்வளவு நேராகப் போகவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிந்து தீர்ந்த வெண்குள்ளன் விண்மீன் ஒரு நிறைக்கு மேல் தன் பாரத்தைத் தானே தாங்காது என்பது அந்தப் பயணத்தில் அவர் போட்ட கணக்கு. அந்த வரம்புக்கு 1931இல் அச்சான மதிப்பு சூரிய நிறையில் 0.91 மடங்கு, இன்று ஏற்கப்படுவது சுமார் 1.4. அந்தக் கணக்கில் வெடிப்பும் இல்லை, தொலைவும் இல்லை. வெண்குள்ளன் அணுக்கரு வினையால் வெடித்துச் சிதறலாம் என்று 1960இல் ஃபிரெட் ஹாயிலும் வில்லியம் ஃபவுலரும் சொன்ன பிறகே அந்த வரம்பு சூப்பர்நோவாவோடு சேர்ந்தது. (1983 நோபல் பரிசைச் சந்திரசேகருடன் பகிர்ந்தவர் இதே ஃபவுலர்தான்.)

துணை விண்மீனிடமிருந்து பொருளை ஈர்த்து வரம்பை நெருங்கும் வெண்குள்ளன்கள் ஒரே நிறையில் வெடிக்கும், ஆகவே ஒரே அளவு ஒளி தரும், மங்கலாகத் தெரிந்தால் தொலைவில் இருக்கிறது என்று பொருள்: வாதம் அழகானது. 1991இல் தோன்றிய இரண்டு வெடிப்புகள் அதை அசைத்தன. ஒன்று வழக்கத்தை மீறிப் பிரகாசித்தது. மற்றொன்று மிகவும் மங்கல். முறையைக் காப்பாற்றியவர் சிலியில் பணியாற்றிய மார்க் பிலிப்ஸ். உச்ச ஒளிக்குப் பிந்தைய 15 நாளில் விரைந்து மங்குபவை இயல்பிலேயே ஒளி குறைந்தவை, மெல்ல மங்குபவை ஒளி மிகுந்தவை என்று 1993இல் அவர் காட்டினார். இந்தத் திருத்தம் எந்த வரம்பிலிருந்தும் வரவில்லை. வேறு வழிகளில் தொலைவு தெரிந்த அண்டை விண்மீன் திரள்களோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டது. கடை எடைக்கல்லை நம்புவது அது வார்க்கப்பட்ட விதத்துக்காக அல்ல, சோதித்து முத்திரை இட்டதற்காக. சென்னையின் பங்கையும் இந்த அளவீட்டுப் பக்கத்தில் தேடலாம். ஒளித்தரத்தில் 5 படி வேறுபாடு என்றால் ஒளியில் 100 மடங்கு வேறுபாடு என்ற அளவையை 1856இல் வகுத்த நார்மன் பாக்சன், 1861 முதல் 1891இல் இறக்கும் வரை சென்னை வானாய்வகத்தை நடத்தினார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒளி ஏறி இறங்குவதைப் பொறுமையாகக் குறித்துவைக்கும் அந்த வேலையே பிலிப்ஸின் வேலையும்.

இரு வெண்குள்ளன்கள் மோதியும், வரம்பை எட்டாமலேயும் வெடிக்கலாம் என்று இன்று பலர் கருதுகின்றனர். அப்படியானால் அளவுகோல் உடைந்துவிடாதா? உடையாது, அதன் துல்லியம் வரம்பை நம்பி நிற்கவில்லை. இதைவிடக் கடினமான ஆட்சேபம் தூசி பற்றியது. 1998இல் இரு குழுக்கள் தொலைதூர வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதைக் கண்டு, அண்டம் முடுக்கத்துடன் விரிகிறது என்றன (2011 நோபல் பரிசு இதற்கே). இடையிலுள்ள தூசிதான் காரணமென்றால், இன்னும் தொலைவிலுள்ளவை மேலும் மங்க வேண்டும். ஹபிள் தொலைநோக்கி கண்டவை அப்படி மங்கவில்லை. தொடக்கத்தில் விரிவு வேகம் குறைந்துகொண்டிருந்த காலத்தைத்தான் அவை காட்டின. ஆனாலும் எல்லாம் தீரவில்லை: சூப்பர்நோவா வழியில் விரிவு வேகம் 73 என்று வருகிறது, அண்டப் பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து 67 (மெகாபார்செக்குக்கு, நொடிக்கு கிலோமீட்டரில்).

லடாக்கின் ஹன்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கி சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. அதை இயக்குவது பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்து. அருகிலுள்ள எம் 82 விண்மீன் திரளில் 2014 ஜனவரியில் தென்பட்ட வெடிப்பின் ஒளி மங்குவதை அது தொடர்ந்து அளந்தது. அவ்வளவு அருகில் நடந்த அந்த வெடிப்பு, அடர்ந்த தூசிக்குப் பின்னால் நிகழ்ந்திருந்தது.